ஆறாம் கோடு

சண்முகக்கனிக்குப் புருஷன் மேல் சந்தேகம் வந்தது தை மாதம் பதினோராம் தேதி, காலை பத்தே கால் மணிக்கு. நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அது கருவியில் பதிவாகியிருந்ததுதான். மற்றப் பெண்களுக்கு இந்த மாதிரிச் சந்தேகம் சட்டைக் காலரிலிருந்து வரும், கைபேசியிலிருந்து வரும். கனிக்கு அது லிங்கதுரையின் இடது கை மோதிர விரலிலிருந்து வந்தது.

கனி தூத்துக்குடிக்கு வெளியே, உப்பளங்களை ஒட்டிய ஒரு குடியிருப்பின் துணைச் சுகாதார நிலையத்தில் விரல் பார்க்கிறவள். அந்த வேலைக்கு அரசாங்கம் வைத்த பெயர் ஒரு முழம் நீளம். தெருவில் எல்லோருக்கும் அவள் விரல் அக்கா.

விரலில் என்ன பார்ப்பது என்று கேட்டால், கதை பதினாறு வருஷம் பின்னால் போகும். பிள்ளைகளுக்கு மாலைக்கண் வரக்கூடாது என்று அரசாங்கம் அப்போது ஒரு மஞ்சள் மாத்திரையைக் கொண்டுவந்தது. நோக்கம் நல்ல நோக்கம்தான். கீரையிலும் காரட்டிலும் பப்பாளியிலும் இருக்கிற மஞ்சள், சிவப்புச் சாயங்களை நம் குடல் அரைகுறையாகத்தான் எடுத்துக்கொள்ளும். மிச்சம் வந்த வழியே போய்விடும். மாத்திரை போட்ட குடல் அப்படி விடாது. கூட ஒரு சொட்டு எண்ணெய் இருந்தால் போதும், பறவைக் குடலைப் போலச் சாயத்தை ஒட்டச் சுரண்டி எடுத்து இரத்தத்தில் ஏற்றிவிடும். இரத்தம் கொண்டுபோய் ஈரலிலும் தோலுக்கு அடியில் இருக்கிற கொழுப்பிலும் போட்டுவைக்கும். பெரியவர்களும் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள், நாடே போட்டுக்கொண்டது. மாலைக்கண் ஒழிந்தது. யார் எங்கே என்ன தின்றார்கள் என்ற இரகசியமும் கூடவே ஒழிந்தது.

ஏனென்றால் மாத்திரைக்குப் பின்னாலேயே விரல்மானி வந்தது. விரலை உள்ளே விட்டால் பச்சை வெளிச்சம் ஒன்று அடிக்கும், திரையில் ஆறு கோடுகள் எழும்பும். முதல் கோடு காரட், பூசணி வகை. இரண்டாவது கீரை. மூன்றாவது தக்காளி. நான்காவது சோளமும் முட்டைக் கருவும். ஐந்தாவது மிளகாய். ஆறாவது கோட்டின் சிவப்பு, நம் பக்கத்துத் தோட்டங்களில் விளைகிற எதிலும் கிடையாது. தண்ணீரில் ஒரு நுண்ணிய பாசி அதைச் செய்கிறது. பாசியைத் தின்கிற சிறு உயிர்களிலிருந்து இறாலுக்கும் நண்டுக்கும் வருகிறது. அவற்றைத் தின்கிறவர்களுக்கு வருகிறது. ஆறாம் கோடு எழும்பினால் அந்த ஆள் மூன்று மாதத்துக்குள் இறாலோ நண்டோ சாப்பிட்டிருக்கிறார் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

கோடு தாழ்ந்த வீட்டுக்குக் கூடுதலாகக் கீரையும் முட்டையும் கொடுப்பதற்குத்தான் கருவி. ஆனால் நம் ஜனங்கள் ஒரு பொருளை அதன் வேலைக்கு மட்டும் பயன்படுத்துவார்களா? பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தோடு விரல் சீட்டும் கேட்டார்கள். சைவர்களுக்கு மட்டும் என்று பலகை வைத்த வீட்டுக்காரர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடித்தனக்காரர்களின் சீட்டை வாங்கிப் பார்த்தார்கள். விரதம் இருந்த ஒருவர் மூன்றாம் நாளே நண்டு தின்றது தெரிந்து, அவர் மனைவி நிலையத்து வாசலிலேயே அவரைக் கிழித்துத் தோரணம் கட்டினாள். கனி இதையெல்லாம் பார்த்து உள்ளூரச் சிரித்துக்கொள்வாள். அவளிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது. பார்ப்பாள், பதிவு செய்வாள், வாயைத் திறக்கமாட்டாள். பதினொரு வருஷத்தில் அவள் ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதியதில்லை.

அன்றைக்கு வருஷாந்திர முகாம். உப்பளத்து ஆட்களோடு ஆட்களாக லிங்கதுரையும் வரிசையில் வந்து உட்கார்ந்தான். அவன் உப்பளத்தில் மோட்டார் மெக்கானிக்; கடல் தண்ணீரைப் பாத்திக்கு ஏற்றுகிற பம்புகள் அவன் பொறுப்பு. தேறுவேனா என்று கேட்டு மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தான். கனி திரையைப் பார்த்தாள். ஆறாம் கோட்டில் நான்கு என்று இருந்தது.

விரலைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். நான்குதான். கீரையும் தக்காளியும் காரட்டும், அதாவது அவள் கையால் ஆக்கிப்போட்ட அத்தனையும், போன வருஷத்தைவிடக் கொஞ்சம் இறங்கியிருந்தன.

இது மற்ற வீட்டில் ஒன்றுமே இல்லாத விஷயம். கடலோரத்துக்காரன் இறால் தின்பது என்ன அதிசயம்? ஆனால் கனிக்கு இறால் ஆகாது. ஆகாது என்றால் சும்மா அரிப்பு, தடிப்பு இல்லை; உயிர் போகிற சமாச்சாரம். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டு விருந்தில் ஒரே ஒரு இறாலை வாயில் போட்டவள் உதடும் தொண்டையும் வீங்கி, மூச்சு அடைத்து, ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லிங்கதுரை அன்றைக்கு ஒரு வார்த்தை சொன்னான். உனக்கு ஆகாதது எனக்கும் வேண்டாம், இனிமேல் இந்த வாயில் இறால் போகாது என்றான். கடல் இல்லாத சாத்தூரில் பிறந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது தெரியவில்லை. போகப்போகத் தெரிந்தது. கடற்கரை ஊரான வேம்பாரில் பிறந்து, இறால் தலையைத் தனியாகப் பொரித்துத் தரச் சொல்லித் தின்று வளர்ந்தவன் அவன். மற்றவர்களின் புருஷன்மார் சங்கிலி வாங்கிப் போட்டதைச் சொன்னால், கனி இந்த இறால் கதையைச் சொல்லுவாள். சங்கிலிக்காரிகள் அடங்கிப்போவார்கள்.

அந்தக் கதைதான் இப்போது திரையில் நான்காக எழும்பி நின்றது.

நான்கைப் பதிவு செய்தால் அது வட்டார அலுவலகம் வரை போகும். விரல் அக்கா வீட்டுக்காரருக்கு வெளியில் சாப்பாடாம் என்று ஊர் வாய்விட்டுச் சிரிக்கும். கனி சட்டென்று பூஜ்யம் என்று அடித்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.  மாற்றி எழுதியதைப் பற்றி அவள் நினைக்கக்கூட இல்லை. அவள் மனசுக்குள் ஒரு பெயர் வந்துவிட்டது.

பியூலா.

கல்யாணத்துக்கு முன் லிங்கதுரை துறைமுகத்தில் ஆறு வருஷம் வேலை பார்த்தான். மூன்று வேளையும் சாப்பாடு பக்கத்துத் தெருவில் பியூலாவின் அம்மா நடத்திய மெஸ்ஸில். அம்மா ஆக்குவாள், மகள் பரிமாறுவாள். இரண்டு பேருக்கும் ஏதோ பேச்சு இருந்ததாகவும், அவர்கள் வேதக்காரர்கள், மதம் வேறு என்பதால் இரண்டு வீட்டிலும் ஒத்துக்கொள்ளவில்லை என்றும் நாத்தனார் ஒருத்தி கல்யாணப் பந்தலிலேயே கனியின் காதில் போட்டிருந்தாள். நாத்தனார்கள் எதற்கு இருக்கிறார்கள்? ஒன்பது வருஷமாக அந்தப் பெயர் ஒரு மூலையில் சுருண்டு கிடந்தது. நான்கு என்ற எண்ணைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துகொண்டது.

சந்தேகம் வந்த வீட்டில் சாட்சிக்குப் பஞ்சமில்லை. அந்த மாதம் முழுக்க கனி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். இராத்திரிச் சோற்றில் பாதியை அவன் ஒதுக்கினான். ஏன் என்று கேட்டால், வயிறு நிறைந்த மாதிரி இருக்கிறது என்றான். எங்கே நிறைத்துக்கொண்டு வந்தான் என்று அவளுக்குத் தெரியாதா? நாற்பது வயதில் தொப்பை கரைந்து, பேண்ட்டுகளை எடுத்துக்கொண்டு போய்த் தையற்கடையில் இடுப்பைப் பிடித்துத் தைத்துக்கொண்டு வந்தான். எதிர் வீட்டுக்காரி, அண்ணாச்சி இளைத்து மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டாரே என்று சொன்னபோது கனிக்கு வயிறு எரிந்தது. யாருக்காக இந்த மாப்பிள்ளைக் கோலம்? படுத்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அசதி என்றான். அந்த அசதிக்கும் அவள் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் கண்ணயர்கிற நேரமாகப் பார்த்து, நிலையத்திலிருந்து எடுத்துவந்த கருவியை அவன் விரலில் மாட்டிப் பார்த்தாள். மாசியில் ஆறு. பங்குனியில் ஏழு. பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்த மகள் ஆதிரை, அப்பாவுக்கு என்ன பண்ணுகிறாய் என்று கேட்டாள். அளவு எடுக்கிறேன் என்றாள் கனி.

பங்குனி கடைசியில் அவள் பொறுக்கமுடியாமல் துறைமுகத்துப் பக்கம் பஸ் ஏறினாள். கழுத்தில் அடையாள அட்டை, பையில் கருவி. கணக்கெடுப்பு என்று சொன்னால் யாரும் விரலை நீட்டுவார்கள். பியூலாவும் நீட்டினாள். அம்மா போன பிறகு மெஸ்ஸை அவள்தான் நடத்துகிறாள். சதைப்பிடிப்பான, வெயிலில் கறுத்த, வாய் நிறையச் சிரிக்கிற பெண்பிள்ளை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு கூடை இறாலுக்கு முன்னால் உட்கார்ந்து, பேசிக்கொண்டே தோலுரித்துக்கொண்டிருந்தாள். அடுப்பிலிருந்து வந்த வாசனைக்குக் கனிக்கு மூக்கு அரிக்கத் தொடங்கியது. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டாள்.

பியூலாவின் ஆறாம் கோடு திரையின் உச்சியைத் தொட்டது. அது எதிர்பார்த்ததுதான். கனி முகவரி கேட்டாள், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள், மெஸ்ஸுக்குப் பழைய வாடிக்கையாளர்கள் வருகிறார்களா என்றும் கணக்கெடுப்பில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டாள். பியூலா இறாலைக் கீழே வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க லிங்கம் வீட்டம்மாதான? கல்யாண போட்டோல பாத்திருக்கேன். அவிய எப்படி இருக்காவ? இந்தப் பக்கமே எட்டிப் பாக்கல, ஒம்பது வருசம் ஆச்சு."

கனி கருவியை எடுத்துப் பையில் போட்டாள். பியூலாவே பேசினாள். அவர் உட்கார்ந்தால் அம்மா பாத்திரத்தோடு கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிடுவாளாம். வாரத்தில் ஐந்து நாள் இறால்தானாம். தலையை எண்ணெயில் முறுகப் பொரித்து வைத்தால் அதை மட்டும் தின்றே இரண்டு தட்டுச் சோறு உள்ளே போகுமாம். எங்கள் வீட்டு இறால் அந்த உடம்பில் எத்தனை படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கள்ளம் இல்லை. கள்ளம் இல்லாததுதான் கனிக்குப் பெரிய கள்ளமாகத் தெரிந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில் கனி அழுதாள். அவன் அந்த வீட்டுக்குப் போகிறானே என்பதற்காக மட்டும் அழவில்லை. அவனுக்கு உயிரான ஒன்றைத் தன்னால் ஒருநாளும் ஆக்கிப்போட முடியாது, தொட்டாலே கை தடிக்கும், இவளோ கூடை கூடையாக உரித்துக் குவிக்கிறாள் என்று அழுதாள். பியூலாவின் சிரிப்பைப் பார்த்துப் பொறாமை, பருமனைப் பார்த்துப் பொறாமை, சிவந்து போயிருந்த அவள் விரல் நுனிகளைப் பார்த்துக்கூடப் பொறாமை. தன் கையை விரித்துப் பார்த்தாள். கீரை ஆய்ந்த கறைதான் இருந்தது.

சித்திரையில் எண் ஒன்பதானபோது அவள் கேட்டேவிட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவன் முன்னால் கருவியை வைத்தாள். தை மாதத்திலிருந்து எடுத்த நான்கு எண்களையும் வரிசையாகச் சொன்னாள். இந்தக் கருவி பொய் சொல்லாது, பதினொரு வருஷமாக இதில்தான் நான் சோறு தின்கிறேன் என்றாள். லிங்கதுரை கருவியைப் பார்த்தான், விரலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"நான் எங்கயும் போவலட்டி. எங்கயும் தின்னல."

"பின்ன இந்தச் செவப்பு ஆகாசத்துலருந்தா வந்துது?"

அவனுக்குத் தெரியவில்லை. தெரியாது என்பதை ஒரு புருஷன் சொன்னால் எந்த மனைவி நம்புவாள்? அவன் குரலை உயர்த்தவும் இல்லை. குற்றம் இல்லாதவன் என்றால் தட்டை வீசியிருப்பான், சண்டை போட்டிருப்பான், இப்படி ஓய்ந்துபோய் உட்கார்ந்திருக்க மாட்டான் என்று கனி முடிவு கட்டினாள். அவன் முன்னால் இருந்த தட்டை எடுத்துக்கொண்டு போய் உள்ளே வைத்தாள். எங்கே இறால் கிடைக்கிறதோ அங்கேயே சோற்றையும் தின்றுகொள்ளட்டும் என்றாள். அன்றையிலிருந்து அவனுக்கு உலை வைக்கவில்லை.

வைராக்கியம் என்றால் அப்படி ஒரு வைராக்கியம். காலையில் ஆதிரைக்கு ஒரு டிபன் பாக்ஸ், தனக்கு ஒன்று. அவனுடைய தூக்குச்சட்டி பரணுக்குப் போனது. அப்பாவுக்கு என்று குழந்தை கேட்டால், அப்பாவுக்கு வேறு இடத்தில் என்பாள். அவன் டீக்கடையில் ஒரு பன்னை வாங்கி டீயில் நனைத்துத் தின்றுவிட்டு உப்பளத்துக்குப் போனான். அதையும் முழுசாகத் தின்பதில்லை என்று டீக்கடைக்காரர் சொன்னதாக எதிர் வீட்டுக்காரி வந்து சொன்னாள். பிறகு ஏன் தின்பான், வயிறுதான் அங்கே நிறைகிறதே என்று கனி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

விரலை மட்டும் அவள் விடவில்லை. அவனும் மறைக்கவில்லை; ஞாயிற்றுக்கிழமைகளில் தானாகவே கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். ஒருநாள் இந்த எண் இறங்கும், இறங்கினால் இவள் சமாதானமாவாள் என்று நம்பினானோ என்னவோ. எண் இறங்கவில்லை. வைகாசியில் பதினொன்று. ஆனியில் பதிமூன்று. ஆடியில் பதினாறு. கீரை, தக்காளிக் கோடுகள் தரையோடு தரையாகப் படுத்துவிட்டன. தன்னுடைய சமையல் அந்த உடம்பிலிருந்து அழிந்துகொண்டே போவதையும், பியூலாவின் சமையல் ஏறிக்கொண்டே வருவதையும் கனி வாராவாரம் கண்ணால் பார்த்தாள். இதைவிடப் பெரிய வேதனை ஒரு பொம்பளைக்கு உண்டா என்று நினைத்தாள். உண்டு என்று அவளுக்குச் சொல்ல அப்போது யாரும் இல்லை.

ஆவணியில் மாவட்டத் தலைமையிடத்தில் விரல் பார்க்கிறவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். நடத்தியவர் டாக்டர் கோமதிநாயகம். முன்னாளில் கால்நடை மருத்துவராக இருந்து, சாய ஆராய்ச்சிக்கு வந்தவர். எதைச் சொன்னாலும் கோழியில் ஆரம்பிப்பார். முட்டையிடுகிற கோழியின் காலைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். குஞ்சாக இருக்கும்போது மஞ்சளாக இருக்கும். முட்டையிட ஆரம்பித்ததும் வாரத்துக்கு வாரம் வெளுக்கும். காலிலும் தோலிலும் சேர்த்துவைத்த மஞ்சளை எல்லாம் தாய்க்கோழி எடுத்துக் கருவுக்குள் போட்டுவிடும். ஆக, உடம்பு சாயத்தைச் சேர்த்துவைக்கவும் செய்யும், தேவை வந்தால் எடுத்துச் செலவழிக்கவும் செய்யும். நாம் இத்தனை நாளாகச் சேர்ப்பதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டோம் என்றார்.

பிறகு திரையில் ஒரு படத்தைப் போட்டார். ஆறு கோடுகள். முதல் ஐந்து மாதாமாதம் இறங்குகின்றன. ஆறாவது மட்டும் ஏறுகிறது. நான்கு, ஆறு, எட்டு, பதினொன்று.

 தன் வீட்டுச் சங்கதியை யாரோ எடுத்து நூறு பேருக்கு முன்னால் சுவரில் மாட்டிவிட்ட மாதிரி கனிக்கு இருந்தது.

சாப்பாட்டு இடைவேளையில் அவள் டாக்டரைத் தேடிப் போனாள். எங்கள் பகுதியில் ஒரு ஆள், நாற்பது வயது, அவருக்கும் இதே மாதிரிக் கோடு என்றாள். இறால் தின்னவே இல்லை என்று சாதிக்கிறார், பொய்தானே என்று கேட்டாள்.

டாக்டர் மோர்ச்சாதத்தைப் பிசைந்துகொண்டே சிரித்தார்.

"பொய் இல்லம்மா. உங்க கருவி பாக்கிறது விரல்ல ஓடுற ரத்தத்தை. கொழுப்புக்குள்ள கெடக்கிறது அதுக்குத் தெரியாது. கொழுப்புங்கிறது வீட்டுப் பரண் மாதிரி. எப்பவோ தூக்கிப் போட்டதெல்லாம் அங்கேயே இருக்கும், யாரும் பாக்கமாட்டாங்க. மாத்திரை போட்ட உடம்புல பத்து வருஷம்கூட இருக்கும். அந்த ஆள் முன்னாடி நெறைய இறால் தின்னவரா?"

"ஆறு வருசம். வாரத்துக்கு அஞ்சு நாள்."

"அவ்வளவுதான். இப்ப அவர் இளைக்கிறாரு. கொழுப்பு உருகுது, உள்ள இருந்த பழைய செவப்பு ரத்தத்துல எறங்குது. நாங்க இதுக்கு உருகல் குறின்னு பேர் வச்சிருக்கோம். பட்டினி கெடந்தா வரும், கடுமையா விரதம் இருந்தா வரும். இந்த ஆளுக்குச் சாப்பாட்டுல ஏதும் கொறை உண்டா?"

கனி தலையைக் குனிந்துகொண்டு, நாலு மாதமாக அவர் மனைவி அவருக்குச் சமைக்கவில்லை என்றாள்.

"பின்னே ஏறாம என்ன செய்யும்? பட்டினி போடப் போட ஏறத்தான் செய்யும்."

கனிக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து ஓவென்று அழவேண்டும் போலவும், எழுந்து ஓடவேண்டும் போலவும் இருந்தது. அவன் போகவில்லை. எங்கும் போகவில்லை. அவள் உலையை நிறுத்த நிறுத்த, அவன் உடம்பு உருக உருக, அவள் தேடிய சாட்சியை அவளே உண்டாக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். இன்றைக்கே போய்க் கோழி அடித்துக் குழம்பு வைக்கவேண்டும், காலில் விழவேண்டும் என்று நினைத்தாள். அந்தச் சந்தோஷத்துக்கு நடுவிலும் ஒரு நினைப்பு சுருக்கென்று குத்தியது. பியூலா வீட்டு இறால்தானே அது? ஒன்பது வருஷமாகத் தன் பக்கத்தில் படுத்திருந்த உடம்புக்குள் அவள் வீட்டுச் சாப்பாடு பத்திரமாக இருந்திருக்கிறதே? இந்த நேரத்திலும் இப்படித் தோன்றுகிறதே என்று வெட்கப்பட்டு அவள் சிரித்தேவிட்டாள். எட்டு மாதத்தில் அவள் சிரித்த முதல் சிரிப்பு அது.

டாக்டர் கை கழுவிவிட்டு வந்து கேட்டார்.

"அந்த ஆளுக்குச் சமைக்கிறத எப்ப நிறுத்தினாங்க?"

"சித்திரைல."

"ஆறாம் கோடு எப்ப மொதல்ல எழும்புச்சு?"

"தை மாசம்," என்றாள் கனி. சொல்லும்போதே சிரிப்பு போய்விட்டது.

டாக்டர் துண்டால் கையைத் துடைப்பதை நிறுத்தினார். தை மாதத்தில் அவருக்கு வீட்டுச் சாப்பாடு உண்டா என்று கேட்டார். உண்டு, மூன்று வேளையும் உண்டு, பாதிதான் இறங்கும், வயிறு நிறைந்த மாதிரி இருக்கிறது என்று ஒதுக்கிவிடுவார் என்றாள்.  வேறு ஏதாவது சொன்னாரா, அசதி உண்டா என்று கேட்டார். உண்டு என்று தலையசைத்தாள்.

"சோறு இருக்கிற வீட்ல ஒரு மனுஷன் உருகினா, உள்ள வேற ஏதோ ஒண்ணு அவரைத் தின்னுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். எல்லாருக்கும் அப்படின்னு சொல்லல, பாத்துடணும். நாளைக்குக் காலைல அவர வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்க." பிறகு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு சொன்னார். "மார்கழியிலேர்ந்து எல்லா நெலையத்துப் பதிவும் எங்க கைக்கு வருது. மத்த கோடு எறங்கி ஆறாவது மட்டும் எழும்பியிருந்தா தையிலயே கூப்பிட்டிருப்போமே. இது எப்படி எங்க கண்ணுல படாம போச்சு?"

தை மாதம் தான் அடித்த பூஜ்யம் கனியின் கண் முன்னால் வந்து நின்றது. மத்தியான வகுப்புக்கு அவள் இருக்கவில்லை.

உப்பளத்தில் அவள் இறங்கி நடந்தபோது மணி நான்கு இருக்கும். வெயில் உப்புக் குவியல்களில் பட்டுக் கண் கூசியது. மோட்டார் கொட்டகையின் நிழலில் லிங்கதுரை ஒரு பம்பைப் பிரித்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தான். மனைவியை அங்கே பார்த்ததும் ஆதிரைக்கு என்ன ஆயிற்று என்று பதறி எழுந்தவன், சட்டென்று எழ முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டான். தோள்பட்டை எலும்பு சட்டைக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றது. எட்டு மாதமாக அவன் விரலை மட்டுமே பார்த்தவள் இப்போதுதான் ஆளைப் பார்த்தாள்.

கனி அவன் கையைப் பிடித்து உட்காரவைத்துத் தானும் மண்ணில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, ஒண்ணே ஒண்ணு கேப்பேன். உண்மையச் சொல்லணும்."

"கேளு."

"பியூலா வீட்ல சாப்பிட்டியல்லா? தைக்கு முன்னால, மார்கழில... நாலஞ்சு நாளாவது போயிருப்பியல்லா? நான் சண்டை போடமாட்டேன். அழமாட்டேன். சாப்பிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவன் எண்ணெய்க் கையோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். நாலு மாதமாக இந்தக் கேள்வியை அவள் கேட்ட விதம் வேறு. இன்றைக்கு அவள் கெஞ்சினாள்.

"தெனம் போனேன்னாலும் சரி. அவள வச்சிருக்கேன்னு சொன்னாலும் சரிங்க, நான் பொறுத்துக்கிடுதேன். நீங்க அங்க வயிறு நெறய இறால் தின்னியன்னு மட்டும் சொல்லுங்க."

"இல்லட்டி," என்றான் லிங்கதுரை. "உனக்கு மூச்சு அடைச்ச அன்னைக்குச் சொன்னது சொன்னதுதான். அதுக்கப்புறம் ஒத்த இறால் இந்த வாயில போவல."

சித்திரையிலிருந்து இதே பதிலைத்தான் அவன் சொல்லிக்கொண்டிருந்தான். அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கனி அதை நம்பினாள்.